வண்டியின் வண்ணமும் வழியின் கல்லும்

பொருளைத் தேடுவது அரிது. தேடிய பொருளைப் பேணுவது அதனினும் அரிது. தில்லியிலும் நாகபுரியிலும் வாழும் நம்மவர் பலர், பல ஆண்டுகள் சேமித்த பணத்தில் ஒரு மோட்டார் கார் வாங்கி, கோடை விடுமுறையில் அதிலேயே குடும்பத்தோடு ஊர் நோக்கிப் புறப்படுகின்றனர். நெடுவழி கடந்தபின் வண்டியின் முகப்பை உற்று நோக்கினால், அம்மைத் தழும்பு போன்ற சிறு புள்ளிகள் தென்படும். முன்சென்ற லாரிகளின் சக்கரங்கள் எறிந்த சரளைக் கற்களின் வேலை அது.

இதனை அழகுக் குறை என்று மட்டும் எண்ணுதல் பொருந்தாது. தொழிற்சாலையில் பூசப்படும் வண்ணம் முழுவதும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கனமே உடையது. அது பெயர்ந்தால் உள்ளிருக்கும் எஃகு தகடு வெளிப்படும். ஈரமும் காற்றும் பட்டுத் துரு தோன்றும். தோன்றிய துரு வண்ணத்தின் அடியிலேயே பரவும். ஆதலின், இக்கல்லைத் தடுக்க மனிதன் செய்த முயற்சிகளின் வரலாறு நாம் அறியத்தக்கது.

அவ்வரலாறு வண்டியில் அன்று, சாலையில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஜான் லௌடன் மெக்காடம் என்பவர், சிறிதாக உடைத்த கற்களை அடுக்கடுக்காகப் பரப்பிச் சாலை அமைக்கும் முறையைப் பரப்பினார். குதிரை வண்டிகளின் இரும்புப் பட்டைச் சக்கரங்கள் கற்களை அரைத்தன. அந்தத் தூளே இடுக்குகளில் படிந்து சாலையை இறுக்கியது. விரைந்தோடும் மோட்டார் கார்கள் வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. ரப்பர்ச் சக்கரங்கள் அத்தூளை வெளியே வாரி இறைத்தன. பிடிப்பிழந்த கற்கள் பறக்கத் தொடங்கின. அதாவது, தன்மேல் விழும் கல்லைப் பெயர்த்துக் கொடுத்ததே மோட்டார் கார்தான்.

இதற்குத் தாரே மருந்தாயிற்று. 1902-ஆம் ஆண்டில் மொனாக்கோவில் குலியெல்மினெட்டி என்ற மருத்துவர் புழுதியை அடக்கச் சாலையில் தார் பூசிக் காட்டினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் எட்கர் பர்னல் ஹூலி என்ற பொறியாளர், தாரும் உலைக் கசடும் கலந்த கலவைக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1927-இல் அமைக்கப்பட்ட ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி, பெட்ரோல் மீது விதித்த கூடுதல் வரியைக்கொண்டு 1929-இல் மத்திய சாலை நிதி உருவாயிற்று. 1943-இல் நாகபுரித் திட்டம் வகுக்கப்பட்டது. 1952-இல் தில்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.

இனி வண்டியின் மேற்பூச்சைக் காண்போம். முதற்கார்களுக்குக் கோச்சு வண்டிகளைப் போன்றே எண்ணெய் வண்ணமும் வார்னிஷும் பல முறை பூசித் தேய்த்தனர். ஒரு வண்டியை முடிக்க வாரக் கணக்கில் ஆகும். 1914 முதல் 1925 வரை ஃபோர்டு நிறுவனம் தன் 'மாடல் டி' வண்டிகளைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றது. நிலக்கீலும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து சூட்டடுப்பில் உலர்த்திய அக்கறுப்பு விலை மலிந்தது, உறுதியானது. 1923-இல் டியூபாண்ட் நிறுவனத்தின் 'டூகோ' என்னும் லாக்கர் கார்களுக்கு வந்தது. வாரங்களில் உலர்ந்தது மணிகளில் உலர்ந்தது. பல நிறங்களும் எளிதாகக் கிடைத்தன. நம் மரச்சாமான் கடைகளில் இன்றும் 'டூகோ' என்ற பெயர் வழங்குகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சுவை உண்டு: லாக்கர் என்னும் அச்சொல், அரக்கைக் குறிக்கும் 'லாக்ஷா' என்ற வடசொல்லின் வழிவந்ததே.

ஆனால் விரைவில் உலர்ந்த அப்பூச்சு கடினமாயினும் நொறுங்கும் இயல்பினது. ஆகவே ஒரே பூச்சு எல்லாவற்றையும் தாங்கும் என்ற எண்ணம் கைவிடப்பட்டது. 1960-களில், வண்டியின் உடலை நீர் கலந்த பூச்சுத் தொட்டியில் அமிழ்த்தி, மின்னோட்டத்தால் மூலை முடுக்கெல்லாம் அடிப்பூச்சு ஏற்றும் முறை வழக்கிற்கு வந்தது. கல் மேற்பூச்சைப் பெயர்த்தாலும் எஃகைக் காக்கும் கடைசிக் கவசம் அதுவே. வண்டியின் அடிப்பாகத்துக்கு ரப்பர் போன்று வளைந்து கொடுக்கும் தடித்த பூச்சு வந்தது. வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணல் அரிக்காதிருக்க ஒட்டிய பாலியூரித்தேன் படலம், பின்னர்ப் பந்தயக் கார்களுக்கும் அடுத்துப் பொதுமக்களின் கார்களுக்கும் வந்து சேர்ந்தது. கல்லை எதிர்த்து நிற்பதினும், அதன் அடியை வாங்கித் தணிப்பதே மேல் என்பது இவற்றின் தத்துவம்.

எனினும், பொருள் செலவின்றிச் செய்யத்தக்கவையும் உள. மோதும் கல்லின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்காகும். ஆகையால் லாரியின் பின்னே நெருங்கிச் செல்லாமல் இடைவெளி விடுதல் நன்று. சக்கரங்களின் பின்னே ரப்பர்த் தட்டி தொங்கவிடுதல் நமக்கும் பின்வருவோர்க்கும் காப்பு. வடநாட்டுக் கோடைப் புழுதி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும். முதலில் நீரூற்றிப் புழுதியைக் களைதல் வேண்டும். பெயர்ந்த புள்ளியை மழைக்கு முன்னரே துடைத்து, உலர்த்தி, பிரைமரும் வண்ணமும் சிறு தூரிகையால் தொட்டு வைத்தால் போதும். காலந்தாழ்த்தினால் பட்டறைக்குச் சென்று தகட்டையே மாற்ற நேரும்.

சாலையைச் செப்பனிடுவது அரசின் கடன்; பூச்சை உறுதியாக்குவது தொழிற்சாலையின் கடன்; சிறு வடுவைச் சிறிதாக இருக்கும்போதே மூடுவது உடையவரின் கடன். முதல் இரண்டும் நூறாண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளன. மூன்றாவதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டுவதில்லை. கவனம் ஒன்றே வேண்டும்.