பங்களாவின் வாரிசும் லயத்தின் வாரிசும்: கொஸ்லந்தைத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

தலைமை ஸ்தானத்திற்கு அடுத்து வரவேண்டியவரை முன்கூட்டியே தேர்ந்து பழக்கும் வழக்கம் அண்மைக்காலத்து நிர்வாக சாஸ்திரம் கண்ட புதுமை என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் கொஸ்லந்தை அடங்கிய ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் அது ஆங்கிலேயர் காலத்திலேயே செம்மையாக நடைபெற்றது என்பதும், துரையின் பங்களாப் படிக்கட்டோடு நின்று தொழிலாளர் வாழும் லயத்தின் பக்கம் அது இறங்கவேயில்லை என்பதுமே இக்கட்டுரை நிறுவ முற்படுவது.

தேயிலைச் செடியைக் கண்ணாலும் கண்டிராது சீமையிலிருந்து வந்திறங்கிய இளைஞன், 'கிறீப்பர்' என்ற பெயரோடு பெரிய துரையின் கீழ் அமர்ந்து, கொழுந்தும் கவ்வாத்தும் தொழிற்சாலை வேலையும் கற்று, தொழிலாளரின் தமிழையும் ஓரளவு பழகிக்கொண்டு, சின்ன துரையாகிப் பின்னர் பெரிய துரையாக உயர்ந்தான். அவனுடைய அறியாமையை எவரும் தடையாகக் கொள்ளவில்லை என்பதை இங்கே அழுத்திக் கூற விரும்புகிறேன்.

லயத்தின் பக்கமோ, ஆட்களைத் திரட்டி வேலை வாங்கி, அவர்களின் தொகைக்கேற்பத் தலைக்காசும் பென்ஸ் காசும் பெற்ற பெரிய கங்காணிக்குத் தன் கீழுள்ள ஆட்தொகையும் அவர்களது கடனுமே ஆஸ்தியாக இருந்தமையால், தனக்குப் பின் தகுதியுள்ள ஒருவனை உருவாக்குவதில் அவனுக்கு யாதொரு பிரயோசனமும் இருக்கவில்லை. கடன் பற்று மகனுக்கு இறங்கியது போலவே அதிகாரமும் இறங்கியது. தொழிலாளரைக் கடனால் பிணைத்த துண்டு முறை 1921இல் ஒழிந்தது. பரம்பரை மனப்பான்மை ஒழியவில்லை. 1939இல் தோன்றிய இலங்கை இந்திய காங்கிரஸின் வழிவந்த தொழிற்சங்கத்திலும், 1999இல் அதன் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் மறைந்தபின் பேரன் ஆறுமுகனும், 2020இல் அவர் மறைந்தபின் அவர் மகன் ஜீவனும் தலைமைக்கு முன்வந்தனர். பிரஜாவுரிமை இழந்த மலையக மக்களுக்கு அச்சங்கம் ஆற்றிய சேவையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இலட்சக்கணக்கான தொழிலாளரிடையே தலைமைக்குரியோரைத் தேடும் முறையொன்று அங்கும் வேரூன்றவில்லை என்பதே என் வருத்தம்.

கொஸ்லந்தைச் சரிவுகளில் நிரை பிடித்து, மட்டக்கம்பை வாதின்மேல் வைத்துக் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்திக்கு, எந்த மலையில் கொழுந்து முந்தி முற்றும், எந்தக் கான் மழைக்குப்பின் அடைத்துக்கொள்ளும், எந்த இடத்தில் மண் இளகி நிற்கும் என்பதெல்லாம் அநுபவத்தால் தெரியும். ஆயினும் அவள் பின்னே நின்று ஏவும் கங்காணியும், தராசடியில் நிறுவையைக் குறிக்கும் கணக்கப்பிள்ளையும் பெரும்பாலும் ஆண்களே.

அறிவும் அதிகாரமும் இவ்வாறு பிரிந்து நிற்பதன் விளைவு உற்பத்தியோடு முடிவதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடுமுன்னர், 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அவ்வெச்சரிக்கையைக் காரியமாக்கும் அதிகாரமும் பயிற்சியும் பெற்ற ஒருவர் அந்த லயத்துக்குள்ளேயே வாழ்ந்திருப்பின் அன்றைய கதி வேறாயிருக்கக்கூடும் என்பது என் துணிபு.

1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. இன்றோ தோட்டத்து இளைஞர் கொழும்புக் கடைகளை நாடுகின்றனர். எஞ்சியோரில் அடுத்த மேற்பார்வையாளர் யார் என்பதே கேள்வி. திறமை இல்லையென்பார்க்கு, 2024 பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து மலையகப் பெண்ணான அம்பிகா சாமுவேல் பாராளுமன்றம் சென்றமை விடையாகும். படிப்பில்லை என்னும் ஆட்சேபமும் நில்லாது: கணக்கேட்டைச் சில மாதங்களில் பழக்கலாம், மலையை அறிய ஆயுளில் பாதி வேண்டும். ஆகவே வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கொழுந்தெடுக்கும் பெண்களுள் இருவரைத் தேர்ந்து, பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகத்தின் பாடங்களைத் தமிழிலேயே கற்பித்து, கற்கும் நாளுக்கும் முழுநாட் சம்பளத்துக்குரிய முழுப் பேர் போட்டு, அன்று கிறீப்பருக்கு அளித்த அவகாசத்தை இவர்களுக்கும் கம்பனிகள் அளித்தல் வேண்டும். தொழிற்சங்கங்கள் அதனைக் கூட்டு ஒப்பந்தமொன்றின் சரத்தாகவே கேட்டுப் பெறுதல் வேண்டும்.