யூ.பி.எஸ். 1997: விமானிகள் பறக்க மறுத்த நாட்கள்

உயர்ந்த ஊதியம் பெறும் விமானியைத் தொழிலாளி எனலாமா என்ற கேள்வி நம் விவாதங்களிலும் எழுவதுண்டு. அமெரிக்கப் பொதிவிநியோக நிறுவனமான யூ.பி.எஸ்.ஸில் 1997இல் நடந்தது இதற்கொரு பதில்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 4இல் ரீம்ஸ்ரர்ஸ் சங்கத்தின் 185,000 சாரதிகளும் பொதி பிரிப்போரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பகுதிநேர வேலைகளை முழுநேரமாக்குவதே முக்கிய கோரிக்கை. ஏறத்தாழ 2,000 விமானிகளோ வேறு சங்கத்தினர். அவர்களது ஒப்பந்தப் பேச்சுவார்த்தையும் இழுபட்டுக்கொண்டிருந்தது.

விமானிகளைக் கட்டுப்படுத்தியது 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிற்சட்டம். 1936இல் அது விமானத்துறைக்கும் விரிவாக்கப்பட்டது. இச்சட்டப்படி பழைய ஒப்பந்தம் காலாவதியாவதில்லை. மத்தியஸ்த சபை விடுவித்து, மேலும் 30 நாட்கள் கழியும்வரை வேலைநிறுத்தம் செய்யவும் முடியாது. இழுத்தடிப்பின் இலாபம் முதலாளிக்கே.

தமக்காக வேலையை நிறுத்த முடியாதிருந்த இவ்விமானிகள், கீழே பொதி சுமப்போருக்காக நிறுத்தினர். மறியலைத் தாண்ட மறுத்தனர். பதினைந்து நாட்களில் 10,000 முழுநேர வேலைகளுக்கு நிறுவனம் இணங்கியது.

சம்பளப் பட்டியல் அவர்களைப் பிரித்தது, சட்டமும் பிரித்தது. மறியல் வாசலில் அவர்கள் எடுத்த முடிவே அவர்களைத் தொழிலாளர்களாக்கியது. வர்க்கத்தை வருமானத்தால் மட்டும் அளக்கும் நம்மவர்கள் இதனை எங்ஙனம் விளக்குவார்கள்?