கவ்வாத்துச்சாமியும் அயர்லாந்தின் மண்கோட்டைகளும்

இலங்கையின் ஹட்டன், நுவரெலியா பக்கத் தேயிலைத் தோட்டங்களில், செடிகளை வெட்டிக் கழிக்கும் கவ்வாத்து தொடங்குமுன் மலையில் ஒரு கல்லுக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்துவது வழக்கம். அந்தக் கல்தான் கவ்வாத்துச்சாமி. கும்பிடாமல் கத்தியை எடுத்தால் காயம் படும் என்ற பயம் பெரியவர்களுக்கு உண்டு. தொழிற்சாலையில் சுழலும் இயந்திரங்களுக்குக் காவல் ரோதமுனி. காட்டோரத்து மரத்தடியில் முனியாண்டி, மாடசாமி.

முனியும் மாடனும் தமிழ்நாட்டிலிருந்து கூட வந்தவர்கள். திருச்சி, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து ஆள் திரட்டும் கங்காணிமார் கூட்டிவந்த சனங்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் பலரை வழியிலேயே கொண்டுபோயின. மலையேறியவர்களுக்கு ஊர்த் தெய்வமே துணை. 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது, தேயிலை பரவியது. கவ்வாத்துச்சாமியும் ரோதமுனியும் அந்தப் புதிய வேலையோடு இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். கத்தியும் சக்கரமும் உயிரை வாங்கக்கூடிய இடத்தில் தொழிலாளி தனக்கென்று ஒரு காவலைப் படைத்துக்கொண்டான். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அயர்லாந்திலும் இப்படி ஒரு பயம் உண்டு. ஏறத்தாழ கி.பி. 500 முதல் 1000 வரையான காலத்தில் குடியானவர்கள் வீட்டைச் சுற்றி வட்டமாக மண்கரையும் அகழியும் எழுப்பி வாழ்ந்தார்கள். அவர்கள் போனபின், அந்த மண்கோட்டைகளில் மாய மனிதர்கள் குடியிருப்பதாகக் கதை வளர்ந்தது. அங்கே ஏர் ஓட்டினால் மாடு சாகும், முள்மரத்தை வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். பல்லாயிரம் கோட்டைகள் இன்றும் நிற்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். 1999இல் கிளேர் மாவட்டத்தில் நெடுஞ்சாலைக்காக ஒரு முள்மரத்தை வெட்டவிருந்தார்கள். அது மாய மனிதர்கள் கூடும் இடம் என்று கதைசொல்லி எடி லெனிஹன் குரல் கொடுத்தார். மரம் தப்பியது.

நம் சாமிக்கல்லுக்காக அப்படி யார் பேசினார்கள்? இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. கல்லை நட்டவர் யார், எதற்காக நட்டார் என்று தெரிந்த குடும்பங்கள் பலவும் கப்பலேறின. நிலப்பத்திரம் இல்லாத மக்கள் இந்த மலையில் தம் கையால் பதித்த சாட்சி அந்தக் கற்கள்தான்.

உங்கள் டிவிசனில் இன்னும் ஒரு சாமிக்கல் இருந்தால், லயத்துப் பெரியவர்களிடம் அதன் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.