பச்சிளங்குழந்தைகளின் பூஞ்சைத் தோல் தொற்று

கைக்குழந்தைகளின் அரையிடுக்கு, கழுத்து, அக்குள் மடிப்புகளில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பெருகுவதால் வரும் நோய். பெரும்பாலும் காரணம் கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் ஈஸ்ட் வகை. நலமாக இருப்பவர்களின் வாயிலும் குடலிலும் தொல்லையின்றி வாழும் இது, ஊறிப்போன தோலில் எளிதில் வேரூன்றும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலம், பண்பொழி, தென்காசிப் பகுதிகளில் சாரலைத் தூவும். ஊருக்கே இதமான இந்தக் காலத்தில் குழந்தைத் துணிகள் கொடியில் காய்வதில்லை. அரை ஈரத்துணியைக் கட்டுவதும் டயப்பரை நெடுநேரம் மாற்றாமல் விடுவதும் பூஞ்சைக்கு இடம் தரும்.

சிறுநீர் பட்டு வரும் சாதாரணத் தடிப்பு பெரும்பாலும் மடிப்புகளுக்குள் போகாது. பூஞ்சையோ மடிப்பின் ஆழத்திலேயே இரத்தச் சிவப்பாகப் படரும். அதன் ஓரத்தில் தனித்தனிச் சிறு கொப்புளங்கள் தெறித்திருக்கும். வாயில் துடைத்தாலும் எளிதில் போகாத வெண்படலம் இருந்தால் அதுவும் பெரும்பாலும் இதே பூஞ்சைதான். அப்போது தாயின் முலைக்காம்பையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

இடத்தை உலர்வாக வைப்பதும், மருத்துவர் சொல்லும் குளோட்ரிமசோல் அல்லது நிஸ்டாட்டின் களிம்பும் பெரும்பாலும் போதும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் சிவப்பை மறைத்து நோயை வளர்க்கும். பிஞ்சுத் தோலையும் மெலியச் செய்யும். முகப்பவுடரும் வேண்டாம், அதன் தூசு மூச்சில் போகும். குறைமாதக் குழந்தைக்குத் தொற்று வந்தாலோ, காய்ச்சலோ பால் குடிக்க மறுப்பதோ இருந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.