சிரிப்பும் விளம்பரமும்

திருநின்றவூர்ப் பூசலார் கல்லும் மரமுமின்றி மனத்திலேயே கோயில் எழுப்பினார். வணிகரும் இடம் தேடுவது நம் மனத்தில்தான்; ஆனால் அவர்களுக்குக் கைகொடுப்பது, பக்தியன்று, நகைச்சுவை. தமிழ்நாட்டில் இதனை நன்குணர்ந்தவர் எஸ். எஸ். வாசன் என்பேன். விளம்பரத் தொழிலில் பழகிய அவர், 1926-இல் தோன்றிய 'ஆனந்த விகட'னை 1928-இல் விலைக்கு வாங்கினார். பின்னர் ஓவியர் மாலி வரைந்த குடுமித் தாத்தா அப்பத்திரிகைக்கே முகமானார். எழுத்தறியாதவரும் அம்முகத்தைக் கண்டு பத்திரிகையை அறிந்தனர்.

எத்தனையோ விளம்பரங்களில் வேடிக்கை நிற்கிறது, பண்டம் மறந்துபோகிறது. 1946-இல் ஏர் இந்தியாவுக்காகப் பாபி கூகாவும் ஓவியர் உமேஷ் ராவும் படைத்த மீசை மகாராஜாவுக்கு அக்குறை இல்லை. பிறர் வணங்க வேண்டிய மன்னர் தாமே குனிந்து வணங்குகிறார்! சிரிப்பு வருவதும் அதனால்தான்; விமானத்தில் நமக்குக் கிடைக்கும் உபசாரம் நினைவுக்கு வருவதும் அதனால்தான்.