சோடியம் டிரைபாலிபாஸ்பேட்

உணவு பதப்படுத்தலில் பயன்படும் வெண்ணிற பாஸ்பேட் உப்பு. பன்னாட்டுச் சேர்க்கை எண் 451. இறைச்சி, மீன், இறால், கணவாய் ஆகியவற்றின் புரதம் நீரைப் பிடித்து வைக்க உதவுகிறது. உறைந்தது உருகும்போது சாறு வடிவதைக் குறைக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைகளில் இறங்கும் இறாலும் கணவாயும் அன்றே சமையலுக்குப் போனால் இது தேவையில்லை. உறையவைத்துத் தொலைவுக்கு அனுப்பும் தொழிலில்தான் இதற்கு இடமுண்டு. அளவுக்கு மீறி ஊறவைத்தால் எடை கூடும். வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுக்க நேரும்.

பாதுகாப்பு: வரையறுத்த அளவில் அனுமதிக்கப்பட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல், எல்லா வழியிலும் சேரும் பாஸ்பரசுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என வரம்பிட்டது. சிறுநீரக நோயாளிகள் பாஸ்பேட் சேர்த்த உணவைக் குறைப்பது நல்லது.