செய்யா (வினை வடிவம்)

பழந்தமிழில் ஒரே எழுத்துருவில் நின்று 'செய்து' என்ற உடன்பாட்டையும் 'செய்யாத', 'செய்யமாட்டா' என்ற எதிர்மறைகளையும் உணர்த்திய வினை வடிவம். பழைய நூல்களைப் படிப்போரை இதுபோல் இடறச் செய்யும் வடிவம் வேறு அதிகமில்லை.

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் போகும் வழியில் வாவியை ஒட்டியுள்ள தன்னாமுனையில் "எனக்குத் தெரியா", "இண்டைக்கு ஏலா" என்பது அன்றாடப் பேச்சு. 'தெரியாது', 'ஏலாது' என்பவற்றின் இடத்தில் நிற்கும் இவ்வடிவங்கள் ஈழத்தின் பிற ஊர்களிலும் உண்டு. பேச்சுத் தமிழ்களில் இலக்கிய வழக்குக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழே என்று செக் அறிஞர் கமில் சுவெலபில் கருதினார். ஆனால் அந்த நெருக்கமே இங்கே வழிதவறச் செய்யும். ஆகாரத்தில் முடியும் வினையை எதிர்மறையாகவே கேட்டுப் பழகிய காது, 'உண்ணா வந்தான்' என்பதை உண்ணாமல் வந்ததாகவே கொள்ளும். அதன் பழம்பொருளோ உண்டு வந்தான் என்பது.

தொல்காப்பிய வினையியல் தரும் வினையெச்ச வாய்பாடுகளில் 'செய்யூ' உண்டு, 'செய்யா' இல்லை. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் 'செய்யா'வையும் சேர்த்துக்கொண்டது. பின்னர் இவ்வெச்சம் தனித்து வழங்குவது அருகி, 'செய்து' நிலைத்தது. நன்னூல் நிகழ்கால இடைநிலையாகக் கூறும் 'ஆநின்று' இதன் எச்சமே. உரையாசிரியர்களின் 'உண்ணாநின்றான்' உண்கின்றவனையே குறிக்கும்.

பிரித்தறிய, பின்வரும் சொல்லைப் பார்க்கவேண்டும். 'உண்ணாச் சென்றான்' என வினை தொடர்ந்தால் பெரும்பாலும் உடன்பாடு. 'உண்ணாக் குதிரை' எனப் பெயர் தொடர்ந்தால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இரண்டிலும் வல்லினம் மிகுவதால் அவற்றைப் பிரிக்கச் சந்தி உதவாது. 'உண்ணா குதிரைகள்' என மிகாமல் நின்றால் அஃறிணைப் பன்மை முற்று. குதிரைகள் உண்ணமாட்டா என்பது பொருள்.

கிரேக்கத்திலும் இத்தகைய மயக்கம் நேர்ந்தது. 'ஹேமெய்ஸ்' (நாம்), 'ஹுமெய்ஸ்' (நீங்கள்) இரண்டும் எழுத்தில் வேறாகவே இருந்தும் பிற்காலத்தில் 'இமிஸ்' என ஒரே ஒலி பெற்றன. இன்றைய கிரேக்கர் 'எமிஸ்', 'எசிஸ்' என்கின்றனர். அங்கே மயங்கியது ஒலி. உருவம் வேறுபட்டே நின்றது. தமிழில் உருவமும் ஒன்றே. ஆகவே பழம்பாடலில் ஆகார ஈற்று வினையைக் காணும் வாசகர், அடுத்த சொல்லைப் பார்க்குமுன் எதிர்மறை என்று முடிவுகட்ட வேண்டாம்.